புதுக் கத்திக்குக் கூர் வைப்பது யார்?

“ஒட்டு கட்டும் கத்தி புதிதாக வாங்கினேன். உறையைப் பிரித்து மாங்குச்சியில் வைத்தால் வழுக்குகிறது, பட்டை நைகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? புதுக் கத்தி கூராகத்தானே வரவேண்டும்?”

மழை தொடங்கி, மாங்கன்று ஒட்டு கட்டும் பருவம் வந்துவிட்டால் விவசாயிகளிடமிருந்து இப்படி ஒரு கேள்வி வராமல் இருப்பதில்லை. பத்து வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், இந்தக் கேள்விக்குத் தினமும் கையால் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஓர் ஊர் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள சந்தூர்தான் அது.

கன்று விளையும் ஊர்

போச்சம்பள்ளி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஆடு, மாடு, கோழி, புளி, கயிறு, மண்வெட்டி என்று விவசாயக் குடும்பத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். அந்தச் சந்தையைத் தாண்டிச் சந்தூர்ப் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் காட்சி மாறிவிடுகிறது. நெல்லோ கரும்போ இல்லை. கறுப்பு பாலித்தீன் பைகளில் வரிசை வரிசையாக மாங்கன்றுகள். நடுநடுவே தாய் மரங்கள், பச்சை நிழல்வலை, செம்மண் குவியல், கன்று ஏற்ற நிற்கும் லாரி. முருகன் கோயில் இருக்கும் குன்றுக்கே இங்கே மாங்கனி மலை என்றுதான் பெயர்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மாவுக்குப் பேர் போனது. பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி, மல்கோவா, இமாம்பசந்த் எல்லாம் இங்கே உண்டு. கிளிமூக்கு என்று சொல்லப்படும் பெங்களூராவை வாங்கிக் கூழாக்கும் ஆலைகள் மாவட்டத்தில் நிறைய. கூழ் எடுத்தது போக மிஞ்சும் கொட்டைதான் சந்தூருக்கு விதை. மாங்கொட்டைக்கு முளைப்புத்திறன் நீண்ட நாள் நிற்காது. நான்கைந்து வாரத்துக்குள் மண்ணுக்குப் போய்விட வேண்டும். அப்படி முளைத்த நாட்டு நாற்று வேர்ச்செடி. அதன் மேல் நல்ல ரகத்தின் குச்சியைப் பொருத்திக் கட்டினால் ஒட்டுக்கன்று. தமிழ்நாட்டுக்கு மட்டுமல்லாமல் ஆந்திரம், கர்நாடகம் என்று வெளிமாநிலங்களுக்கும் இங்கிருந்து கன்று போகிறது.

இந்த ஊரின் காலை, கல்லில் கத்தி உரசும் சத்தத்தோடு விடிகிறது. வெயில் ஏறுவதற்கு முன்பே ஒட்டு கட்டுபவர்கள் நிழல்வலைக்கு அடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். முதலில் டீ, அடுத்து தீட்டுகல், அதற்குப் பிறகுதான் செடி. கல்லில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மடக்குக் கத்தியைத் திறந்து, நிதானமாக இழுக்கிறார்கள். யாரும் யாருடைய கத்தியையும் தொடுவதில்லை. சாப்பாட்டுத் தூக்கைக்கூடப் பகிர்ந்துகொள்வார்கள், கத்தியைத் தரமாட்டார்கள்.

முக்கால்வாசி பட்டுப்போன ஒட்டு

ஆவணி மாதத்துக் காலை ஒன்றில், இப்படி ஒரு பந்தலுக்குத் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளம் விவசாயி வந்தார். ஒரு ஏக்கரில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளியில் அடர் நடவு போடத் திட்டம். அதற்கு 160 கன்று வேண்டும். விலைக்கு வாங்குவதற்குப் பதில், சொந்தமாக நாற்று விட்டு, வீடியோ பார்த்துப் பழகி, ஆடியில் 200 செடிக்கு ஒட்டு கட்டியிருக்கிறார். 50 கூடத் துளிர்க்கவில்லை. பட்டுப்போன ஒட்டில் நாலைந்தைப் பையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பந்தலில் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர். நாற்பது ஆண்டாக ஒட்டு கட்டுபவர். அவர் செடியைப் பார்க்கவே இல்லை.

“கத்தி கொண்டு வந்திருக்கியா தம்பி?”

“இருக்குங்க ஐயா. புதுக் கத்திதான். இதுக்குன்னே வாங்கினேன்.”

பெரியவர் கத்தியை வாங்கித் திறந்து, வாயை மேலே பார்க்க வைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“வாயில ஒரு வெள்ளைக் கோடு தெரியுது பாரு.”

மெல்லிய நூல்போல ஒரு மினுமினுப்பு, அடியிலிருந்து முனை வரை ஓடியது.

“அது தெரிஞ்சா கத்தி மொட்டை. கூரான வாய்க்குக் கண்ணுக்குத் தெரியிற அகலமே இருக்காது. இதுல வெளிச்சம் உக்கார இடம் இருக்கு.”

பிறகு ஒரு குச்சியை எடுத்து இளைஞரின் கத்தியால் ஒரு சீவு, தன் கத்தியால் ஒரு சீவு. முதல் வெட்டு மங்கலாக, நார் எழும்பி இருந்தது. ஓரத்தில் பட்டை கொஞ்சம் கழன்றிருந்தது. இரண்டாவது வெட்டு ஈரத்தோடு கண்ணாடிபோல மின்னியது. பெரியவர் தன் கத்தியால் சீவிய இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் ஒட்டி வெளிச்சத்தில் காட்டினார். இடையில் ஒளி வரவில்லை. இளைஞரின் கத்தியால் சீவியவற்றை ஒட்டிக் காட்டினார். நடுவில் கீற்றாக வெளிச்சம்.

“இந்தச் சந்துலதான் உன் நூத்தைம்பது செடியும் போச்சு.”

மொட்டை வெட்டு செடிக்கு என்ன செய்கிறது?

மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய வளர்திசு இருக்கிறது. வேர்ச்செடியின் வளர்திசுவும் ஒட்டுக்குச்சியின் வளர்திசுவும் தொட்டுக்கொண்டு நின்றால், இரண்டு பக்கமும் புதுத் திசு கிளம்பிப் பின்னிக்கொள்ளும். மூன்று நான்கு வாரத்தில் குச்சி துளிர்க்கும். அதுவரை அந்தக் குச்சிக்கு வேர் இல்லை. தன் உடம்பில் இருக்கும் ஈரத்தை வைத்துத்தான் அது உயிர் பிழைத்திருக்க வேண்டும்.

கூரான கத்தி திசுவை அறுக்கிறது. மொட்டைக் கத்தி நசுக்குகிறது. நசுங்கிய திசு செத்துப் பழுப்பாகிறது. அந்தப் பழுப்புப் படலம் இரண்டு பக்கத்துக்கும் நடுவே சுவர்போல நிற்கிறது. வெட்டு மேடு பள்ளமாக இருந்தால், எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இடையில் காற்று இருக்கும். காற்று இருந்தால் காயும். நீர் புகுந்தால் பூஞ்சணம் வரும்.

இன்னொன்றும் உண்டு. கூர் இருந்தால் ஒரே இழுப்பில் சீவல் விழும். கூர் இல்லாதவர் நாலைந்து முறை செதுக்குவார். ஒவ்வொரு செதுக்கலும் ஒரு புதுக் கோணம். ஆப்பு நேராக அமையாது. அதற்குள் வெட்டு வாயும் உலர்ந்துவிடும்.

கைக்கும் மொட்டைக் கத்திதான் ஆபத்து. கூரான கத்தி சொன்ன இடத்தில் நிற்கும். மொட்டைக் கத்தியை அழுத்த வேண்டும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் கட்டைவிரல்தான் முதலில் மாட்டும். அதற்காகவே இங்கே பலர் இடது கட்டைவிரலில் சைக்கிள் டியூப் துண்டை மாட்டிக்கொள்கிறார்கள்.

புதுக் கத்தி ஏன் மொட்டையாக வருகிறது?

இளைஞர் கேட்ட கேள்வி நியாயமானது. “புதுக் கத்திக்கு ஏங்க கூர் இல்ல?”

தொழிற்சாலையில் கத்தி செய்வதில் முக்கால் பங்கு வேலை இயந்திரத்தோடு முடிந்துவிடும். தகட்டை வெட்டலாம், சூடேற்றிப் பதம் கொடுக்கலாம், சரிவு எடுக்கலாம், பளபளப்பு ஏற்றலாம். கடைசிக் கூர் மட்டும் ஒவ்வொரு கத்தியையும் கையில் எடுத்து, கவனித்துச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு நேரம் ஆகும். நேரம் என்றால் காசு. விலை மலிவான கத்தியில் முதலில் குறைவது இந்த நேரம்தான்.

வேகமாகச் சுற்றும் சாணையில் வாயை மிக மெல்லியதாக எடுத்தால் சூடேறிப் பதம் இறங்கிவிடும் என்ற அச்சமும் உண்டு. அதனால் வாயைக் கொஞ்சம் தடிப்பாகவே விட்டுவிடுவார்கள். தடித்த வாய் பெட்டியிலும் லாரியிலும் அடிபட்டாலும் பல் போகாது. கடையில் பிரித்துப் பார்ப்பவர் விரலையும் வெட்டாது. பளபளப்பு ஏற்றும்போது துணிச் சக்கரத்தில் பட்டு, இருந்த கூரும் மழுங்கிவிடுவது உண்டு. பார்க்க மின்னும், வெட்டாது.

ஒட்டுக் கத்தியில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. அதற்கு ஒரு பக்கம்தான் சரிவு இருக்க வேண்டும். மறுபக்கம் தட்டையாக இருக்க வேண்டும். அந்தத் தட்டைப் பக்கம் குச்சியில் படிந்து போவதால்தான் சீவல் நேராக விழுகிறது. சமையல் கத்தி மாதிரி இரண்டு பக்கமும் சரிவு எடுத்த மடக்குக் கத்தியை “ஒட்டுக் கத்தி” என்று எழுதி விற்றால், எவ்வளவு கூர் வைத்தாலும் வெட்டுமுகம் குழியும். இடக்கைக்காரர்களுக்குச் சரிவு மறுபக்கம் இருக்க வேண்டும் என்பதைப் பல கடைகளில் யாரும் சொல்வதே இல்லை.

கொல்லுப் பட்டறையில் எழாத கேள்வி

நம் ஊர்க் கொல்லுப் பட்டறைகளில் இந்தக் கேள்வி எழுந்ததே கிடையாது. அரிவாள் செய்யச் சொன்னால், “எதுக்கு? தென்னைக்கா, விறகுக்கா, வேலி கழிக்கவா?” என்று கொல்லர் முதலில் கேட்பார். வலக்கையா இடக்கையா என்பதும் அவருக்குத் தெரியும். விறகு வெட்டும் அரிவாளுக்கு வாய் தடிப்பாக நிற்க வேண்டும். புல் அறுக்க மெல்லிதாக வேண்டும். அறுவடைக்கு முன் கருக்கரிவாளைக் கொண்டுபோய்ப் பல் வெட்டிக்கொண்டு வருவார்கள். செய்தவரும் பிடிப்பவரும் ஒரே ஊர். கூர் சரியில்லை என்றால் மறுநாளே பட்டறை வாசலில் போய் நின்றுவிடலாம்.

அப்போதும் கடைசிக் கூர் பிடிப்பவர் கையில்தான் இருந்தது. பனையேறியைப் பாருங்கள். பாளை சீவும் அரிவாளை அவர் யாரிடமும் தீட்டக் கொடுப்பதில்லை. பலகையில் கல்பொடி தூவி, மரம் ஏறுவதற்கு முன் தானே தீட்டுவார். சீவல் மெல்லிதாக விழாவிட்டால் பாளை சரியாகச் சுரக்காது. அன்றைய வருமானம் போய்விடும். முடி திருத்துபவரும் அப்படித்தான். தோல் பட்டையில் நாலு இழுப்பு இழுக்காமல் கத்தியை யார் கன்னத்திலும் வைக்கமாட்டார்.

கத்தி தொழிற்சாலைக்குப் போன பிறகு செய்பவருக்கும் பிடிப்பவருக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மைல் விழுந்துவிட்டது. எதற்கு என்று கேட்கும் ஆள் இல்லை. அதனால்தான் கேள்வி வாங்குபவரிடம் வந்து நிற்கிறது.

மற்ற நாடுகளிலும் இதற்கு ஒரே பதில் கிடையாது. ஜப்பானில் ஒசாகாவை ஒட்டிய சகாய் நகரம் கத்திக்குப் பேர் போனது. அங்கே இரும்பை அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் வேறொருவர், பிடி போடுபவர் இன்னொருவர். வாங்குபவர் கத்தியைத் தேர்ந்தெடுத்த பிறகு, கடைசிக் கூரைக் கடையிலேயே கல்லில் வைத்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு. பிரான்ஸில் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-இல் உருவாக்கிய மரப்பிடி மடக்குக் கத்தி, குடியானவர்களின் சட்டைப்பைக் கத்தியாகவே பரவியது. அது உடனே பயன்படுத்துகிற கூரோடுதான் வருகிறது. கூடவே, சாதாரணக் கல்லில் எளிதாகத் தீட்டுகிற கார்பன் எஃகிலும் கிடைக்கிறது. முதல் கூர் அவர்களுடையது, அடுத்த கூர் உங்களுடையது என்பது அதன் கணக்கு.

பந்தலில் நடந்த வழக்கு

சந்தூர்ப் பந்தலில் பேச்சு இதைச் சுற்றியே போனது. பெரியவர் கட்சி தெளிவானது.

“தொழிற்சாலைக்காரன் இரும்பு நல்லதா குடுத்தா போதும். கூர் நம்ம வேலை. அவன் வச்ச கூர் மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்காது. மாம்பால் பட்டா வாய் கறுத்துப் போகும். நாளைக்குக் காலையில எப்படியும் நாமதானே தீட்டணும்?”

சொல்வது உண்மை. மாங்குச்சியின் பாலும் துவர்ப்பும் கார்பன் எஃகைக் கறுக்க வைக்கும். நாள் முழுக்கச் சீவினால் எந்தக் கத்தியும் மழுங்கும். தொழிற்சாலை எவ்வளவு கூராக அனுப்பினாலும் அது முதல் நாள் காலைக்குத்தான்.

கன்று வாங்க வந்திருந்த விவசாய இடுபொருள் கடைக்காரர் ஒருவரும் வாய் திறந்தார். “கூரா வச்சுக் குடுத்தா, கடையிலேயே பிரிச்சுப் பார்த்து விரலை வெட்டிக்கிறாங்க. அப்புறம் எங்களோடதான் சண்டை. மொட்டையா இருந்தா ஒருத்தரும் கேக்கறதில்ல.”

அதுவரை பேசாமல் பாலித்தீன் நாடாவைக் கிழித்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் நிமிர்ந்தார். ஒன்பது ஆண்டாக அந்தப் பந்தலில் நாடா கட்டுகிற வேலை. சீவுகிறவர்களுக்குக் கூலி கூட, கட்டுகிறவர்களுக்குக் குறைவு. சீவக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு ஆண்டுக்கு முன் தன் காசில் ஒரு புதுக் கத்தி வாங்கினார்.

“பெரியப்பா, உங்களுக்குச் சின்ன வயசுலேயே உங்க அப்பா தீட்டிக் காட்டிட்டார். கூருன்னா எப்படி இருக்கும்னு உங்க கைக்குத் தெரியும். எனக்கு யார் காட்டினா? அந்தப் புதுக் கத்தியை வச்சு ஒரு மாசம் மல்லுக்கட்டினேன். சீவினா நார் நாரா வரும். புதுக் கத்தியாச்சே, கத்தி நல்லாத்தான் இருக்கும், என் கைதான் சரியில்லன்னு நெனச்சு மூட்டை கட்டி வச்சுட்டேன். அப்புறம் ஒருநாள் நீங்க சாப்பிடப் போனப்ப உங்க கத்தியை எடுத்து ஒரு குச்சி சீவிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போச்சு. அன்னைக்குத்தான் தெரிஞ்சது, என் கை மேல தப்பு இல்லன்னு.”

பந்தலில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

“என் கத்தியைத் தொட்டியா?” என்று பெரியவர் கேட்டார். கோபம் போலத்தான் தொடங்கினார், சிரிப்பில் முடிந்தது. அந்தப் பெண் இப்போது பாதி நாள் சீவுகிறார், பாதி நாள் கட்டுகிறார்.

இந்தப் பெண் சொன்னதில்தான் விடை இருக்கிறது. கைதேர்ந்தவருக்குப் புதுக் கத்தி எப்படி வந்தாலும் கவலை இல்லை. எப்படியும் தன் கல்லில் வைத்துத்தான் எடுப்பார். புதிதாகத் தொடங்குபவருக்கோ அந்த முதல் கூர்தான் வாத்தியார். ‘நல்ல கூர் என்றால் இப்படி இருக்கும்’ என்று ஒருமுறையாவது கை உணர்ந்தால்தான், மழுங்கியதைக் கண்டுபிடிக்க முடியும். மறுபடி அந்த இடத்துக்குக் கொண்டுவர முடியும். அளவு தெரியாதவர் எதை வைத்து அளப்பார்? மொட்டையாக வரும் புதுக் கத்தி ஒரு பருவத்து ஒட்டைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. ‘இது நமக்கு வராது’ என்று ஆளையே வேலையிலிருந்து விரட்டிவிடுகிறது.

ஆகவே, ஒட்டுக் கத்தி என்று பெயர் போட்டு விற்றால் அது கூரோடு வரவேண்டும். அல்லது, ‘தீட்டிய பிறகே பயன்படுத்தவும்’ என்று உறையின் மேல் நம் மொழியில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். நல்ல எஃகு, சரியான பதம், ஒரு பக்கம் மட்டும் நேரான சரிவு ஆகிய மூன்றும் தொழிற்சாலையின் கடமை. இவை கெட்டால் வீட்டுக் கல்லில் சரிசெய்ய முடியாது. அப்படிப்பட்ட கத்தியைத் தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம். எஃகும் சரிவும் சரியாக இருந்து கூர் மட்டும் இல்லை என்றால், கத்தி கெட்டதல்ல. வேலை பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

புதுக் கத்தியை வேலைக்குத் தயார் செய்வது எப்படி?

பெரியவர் அந்த இளைஞரை உட்கார வைத்துச் செய்யச் சொன்ன முறை இது. கடைகளில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல் போதும். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு.

1. கல்லை ஈரச் சாக்கின் மேல் வையுங்கள், நகராது. நன்றாகத் தண்ணீர் தெளியுங்கள். வேலை முடியும்வரை கல் காயக் கூடாது.

2. கத்தியின் சரிவுப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் மை பூசுங்கள். சரிவு முழுவதும் கல்லில் படியும்படி வைத்து இரண்டு இழுப்பு இழுங்கள். மை மேல்பக்கம் மட்டும் அழிந்து வாயோரத்தில் அப்படியே நின்றால், கல் இன்னும் வாயைத் தொடவில்லை என்று பொருள். புதுக் கத்திகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சொரசொரப்புப் பக்கத்திலேயே பொறுமையாகத் தொடருங்கள்.

3. கோணத்தை மாற்றாதீர்கள். ஒட்டுக் கத்திக்குச் சுமார் 20 டிகிரி சரிவு போதும். முதுகைத் தூக்கினால் சீக்கிரம் கூர் வந்தது போல இருக்கும், வாய் தடித்துவிடும்.

4. மறுபக்கத்தில் விரல் நுனியால், முதுகிலிருந்து வாயை நோக்கி மெதுவாகத் தடவிப் பாருங்கள். விரலை வாயின் நீளவாக்கில் ஓட்டக் கூடாது. அடியிலிருந்து முனை வரை பிசிர் தட்டுப்பட்டால், சொரசொரப்புக் கல்லின் வேலை முடிந்தது.

5. நைசுப் பக்கத்துக்கு மாறி, அழுத்தத்தைக் குறைத்து இழுங்கள். பிறகு தட்டைப் பக்கத்தைக் கல்லோடு முழுக்கப் படிய வைத்து நாலைந்து இழுப்பு. இது பிசிரை எடுக்க மட்டும். இந்தப் பக்கத்தை எந்தக் காரணத்துக்கும் சாய்க்கக் கூடாது.

6. பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதுகு முன்னே போக, வாய் பின்னே வர, இரண்டு பக்கமும் இருபது தடவை இழுங்கள். எதிர்ப்புறமாக இழுத்தால் பெல்ட்தான் அறுபடும்.

7. தொங்கவிட்ட செய்தித்தாளை இழுக்காமல் வெட்டுகிறதா, வெளிச்சத்தில் வெள்ளைக் கோடு மறைந்ததா என்று பாருங்கள். கடைசிச் சோதனை மாங்குச்சி. ஒரே இழுப்பில், மினுங்கும் முகத்தோடு சீவல் விழ வேண்டும். அதற்கு முன் ஒரு வேர்ச்செடியைக்கூடத் தொடாதீர்கள்.

முதல் முறை அரை மணி நேரம், ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதன் பிறகு தினமும் நைசுக் கல்லிலும் தோலிலும் சில நிமிடம் போதும். சைக்கிள் சாணை பிடிப்பவரிடம் அரிவாளைக் கொடுக்கலாம்; ஒட்டுக் கத்தியைக் கொடுக்காதீர்கள். வழக்கப்படி இரண்டு பக்கமும் பிடித்துவிட்டால் தட்டைப் பக்கம் போய்விடும். வெல்டிங் பட்டறையின் மின்சாணையும் ஆகாது. வாயில் நீல நிறம் ஓடினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. பிறகு கூர் நிற்காது.

வேலை நடக்கும்போது கத்தியை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அடிக்கடி துடையுங்கள். ஒரு தாய் மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகும்போது கட்டாயம் துடைக்க வேண்டும். பாலும் பிசினும் போகும், ஒரு மரத்து நோய் அடுத்த மரத்துக்குத் தாவாது. மாலையில் கழுவித் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி மடக்கி வையுங்கள்.

ஷேவிங் பிளேடு பயன்படுத்துபவர்களும் உண்டு. பதினைந்து நாளுக்குள் இருக்கும் இளம் நாற்றில் செய்யும் கொட்டை ஒட்டுக்கு அது நன்றாகவே வெட்டும். பென்சில் தடிமன் வந்த தண்டில் பிளேடு வளையும். வெட்டு அலை அலையாகப் போகும். பயன்படுத்திய பிளேடை வயலில் எறிந்துவிட்டுப் போவது பெரிய தவறு. வெறுங்காலோடு களை எடுக்க வருபவருக்கும் மேய வரும் மாட்டுக்கும் அதுதான் எமன். ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

திரும்பிப் போன கத்தி

இளைஞர் கல்லோடு உட்கார்ந்தபோது வெயில் பந்தலின் ஓரத்தில் இருந்தது. எழுந்தபோது நடுப்பந்தலுக்கு வந்துவிட்டது. கை முழுக்கக் கல் சேறு. நடுவில் இரண்டு முறை பெரியவர் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது முறை பார்த்துவிட்டு, கத்தியோடு ஒரு குச்சியையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஒரே இழுப்பு. சீவல் சுருண்டு மடியில் விழுந்தது. இளைஞர் வெட்டுமுகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பட்டுப்போன செடிங்களைப் பிடுங்கிப் போட்டுடாதே,” என்றார் பெரியவர். “குச்சிதான் செத்துது, வேர் உயிரோடதானே இருக்கு? ஒட்டுக்குக் கீழ தண்டு பச்சையா இருக்கிறதைப் பிரிச்சு வை. காஞ்சதை வெட்டிட்டு, நல்ல இடத்துல மறுபடி கட்டு. தண்டு நைஞ்சு போனதுங்க மட்டும் புதுத் துளிர் விடட்டும், அடுத்த தடவை பார்த்துக்கலாம். பருவம் இன்னும் முடியல.”

அந்தப் பெண் ஒரு கட்டு நாடாவைக் கிழித்து மடித்து அவர் பையில் வைத்தார். “கட்டும்போது கீழிருந்து மேல சுத்துங்க தம்பி, தண்ணி இறங்காது,” என்றார்.

கன்று லாரி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. இளைஞர் மடக்கிய கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். வந்தபோது கையில் இருந்த பட்டுப்போன ஒட்டுகளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். அவற்றில் மூன்றுக்குத் தண்டு பச்சையாகத்தான் இருந்தது.